லாரிக்கு முகம் கொடுத்த ஊர்கள்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் சாலையில் பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் சமவெளி முடிந்து மலை ஆரம்பிக்கிறது. அதன் பிறகு திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு முன் லாரியை ஓரங்கட்டி, அம்மனுக்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவது டிரைவர்களின் நெடுநாள் வழக்கம்.

கரும்பு, மூங்கில், மஞ்சள், மல்லிகை, தாளவாடிக் காய்கறி என்று இந்த மலைச்சாலை பார்த்த சரக்குகள் எத்தனையோ. காட்டைப் பற்றியும் யானையைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் அந்தச் சரக்கையெல்லாம் சுமந்த லாரியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். இப்போது திம்பம் ஏறும் லாரிகளைப் பார்த்தால், ஒரே கம்பெனியின் நூறு லாரிகளும் ஒரே முகத்தோடு இருக்கும். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பு அப்படி இல்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இரண்டு லாரிகள் ஒன்றுபோல இருக்காது. கேபினின் உயரம் மாறும், கண்ணாடியின் சரிவு மாறும், நெற்றியில் இருக்கும் பலகையின் வளைவு மாறும். விவரம் தெரிந்தவர்கள் தூரத்திலிருந்தே "இது நாமக்கல் பாடி, இது வடக்கத்தி பாடி" என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்குக் காரணம் என்ன? லாரியின் பாதியைத்தான் கம்பெனி செய்தது. மீதிப் பாதியை நம் ஊர் ஆசாரியும் கொல்லரும் செய்தார்கள். அந்தக் கதைதான் இது.

மாட்டு வண்டியும் மோட்டாரும்

மோட்டார் வாகனம் இந்தியாவுக்கு வந்த காலத்திலிருந்தே பாடி கட்டுவது தனித் தொழில்தான். சென்னையில் 1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் கம்பெனி முதலில் குதிரை வண்டிகள் கட்டிய நிறுவனம். வெளிநாட்டிலிருந்து எஞ்சினும் சட்டமும் கப்பலில் வரும். அதன்மேல் உட்காரும் கூண்டை இங்கே இருக்கும் தச்சர்கள் கட்டுவார்கள். குதிரை வண்டி கட்டிய கைகளுக்கு இது பெரிய மாற்றமாக இருக்கவில்லை.

கொங்கு நாட்டில் மோட்டார் என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் ஜி.டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர். 1920இல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுவே பின்னாளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது. கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளோடு வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் பெருகின. வெளிநாட்டு வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்காவிட்டால், அதைப் பார்த்து அப்படியே இன்னொன்று செய்துகொடுக்கும் ஆட்கள் கோவையில் உருவானது இப்படித்தான்.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களுக்கும் லாரிகளுக்கும் பின்னால் ஒரு பெரிய உருளையை மாட்டி, கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை வெட்டி, ஒட்டி, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு அந்தக் கரி வாயுக் காலம் ஒரு நல்ல பயிற்சி.

போர் முடிந்ததும் ராணுவம் தேவையில்லை என்று கழித்த லாரிகள் ஏலத்துக்கு வந்தன. கனடா நாடு மட்டும் அந்தப் போருக்காக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் செய்தது. அவற்றில் ஒரு பகுதி இந்தியாவிலேயே தங்கிவிட்டது. மொட்டை மூக்கு ஃபோர்டு, செவர்லே ராணுவ லாரிகள் மலைக்காடுகளில் மரம் இழுக்கும் லாரிகளாக மறுபிறவி எடுத்தன.

பென்ஸ் லாரியும் லேலண்டும்

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி மட்டும் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் இனி இங்கேயே தயாரிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின.

அந்த இடத்தை நிரப்பியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். 1954இல் டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1948இல் தொடங்கப்பட்ட சென்னை அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு கைகோத்து 1955இல் அசோக் லேலண்டு ஆனது. எண்ணூரிலிருந்து காமெட் லாரிகள் வெளியே வந்தன.

பென்ஸ் ஒப்பந்தம் 1969இல் முடிந்துவிட்டது. மூக்கில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் அது 'பென்ஸ் லாரி'தான்.

இந்த நிறுவனங்கள் விற்றது முழு லாரி அல்ல. சேஸிஸ் என்று சொல்லப்படும் நீளமான இரும்புச் சட்டம், அதில் எஞ்சின், கியர் பெட்டி, சக்கரங்கள், முன்பக்கம் பானெட், ஸ்டீயரிங். அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை, முன் கண்ணாடியும் இல்லை. சரக்கு ஏற்றும் தொட்டியும் இல்லை. ஒரு தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு டிரைவர்கள் அதை ஓட்டி வருவார்கள். ஜாம்ஷெட்பூரிலிருந்து நாமக்கல்லுக்கு 1,500 கிலோமீட்டருக்கும் மேல். வெயில், மழை, தூசி எல்லாம் நேராக முகத்தில்தான்.

அந்த எலும்புக்கூடு வந்து நின்ற இடங்கள்தான் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. பஸ் என்றால் கரூர். மழை குறைந்த இந்த ஊர்களில் விவசாயம் கைகொடுக்காதபோது பலர் லாரிக்குப் போனார்கள். கிளீனராகச் சேர்ந்தவர் டிரைவராகி, டிரைவர் பங்குக்கு ஒரு பழைய லாரி வாங்கி, பிறகு சொந்த லாரிக்காரர் ஆனார். இந்தியாவில் எந்த நெடுஞ்சாலையில் நின்றாலும் டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்ற எண்களைப் பார்க்க முடிவது இதனால்தான். லாரி எங்கே இருக்கிறதோ அங்கே பட்டறையும் வரும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளையும் கட்டினார்கள்.

பாடி கட்டுவது எப்படி?

ஒரு பாடி கட்ட ஒரு ஆசாரி போதாது. மரவேலைக்கு ஒரு கூட்டம், இரும்பு வேலைக்குக் கொல்லர்கள், தகடு அடிக்க டிங்கர், வயரிங்குக்கு எலக்ட்ரீஷியன், இருக்கை தைக்க ஒருவர், கடைசியில் பெயிண்டர். ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் ஆரம்பிப்பார்.

பெரும்பாலும் அச்சடித்த வரைபடம் கிடையாது. மேஸ்திரி தரையில் சாக்பீஸால் கோடு போடுவார், அல்லது அட்டையில் வெட்டிய ஒரு மாதிரியை எடுத்து வைப்பார். கேபினின் கூரை எவ்வளவு வளைய வேண்டும் என்பது அவர் கண்ணிலும் கையிலும் இருந்தது.

இதை வெறும் குத்துமதிப்பு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மலைச்சாலையில் வளைவில் ஏறும்போது லாரியின் ஒரு பக்கச் சக்கரம் மேலே இருக்கும், குறுக்கே இருக்கும் மறுசக்கரம் கீழே இருக்கும். அப்போது சேஸிஸ் சட்டமே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அது முறுக்கிக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டது. அதன்மேல் விறைப்பான ஒரு பெட்டியை நேராகப் பற்றவைத்தால் என்ன ஆகும்? சில மாதங்களில் பற்றவைத்த இடமோ சட்டமோ விரிசல் விட்டுவிடும்.

அதனால் சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவே மரக்கட்டை வைத்து, 'யூ' வடிவ போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டினார்கள். மரம் அந்த முறுக்கலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எங்கே இறுக்க வேண்டும், எங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் தொழில். மாட்டு வண்டி செய்பவருக்கும் இதே கணக்குதான். மேடு பள்ளத்தில் வண்டி நெளிய வேண்டும், ஆனால் பிரியக் கூடாது.

திம்பம் மாதிரி ஒரு மலைப்பாதையில்தான் நல்ல பாடியும் மோசமான பாடியும் வெளுத்துவிடும். அப்போதைய லாரிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. எஞ்சின் சக்தி 100 குதிரைத்திறன் அளவில்தான். முழுச் சுமையோடு முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது, கிளீனர் கையில் ஒரு கட்டையோடு இறங்கிப் பின்னாலேயே நடந்து வருவார். லாரி நின்று பின்னால் உருள ஆரம்பித்தால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும் அல்லவா? கடகடவென்று ஆடும் கேபினையும், ஆணி கழன்ற பலகையையும் முதல் பத்து வளைவிலேயே டிரைவர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது மேஸ்திரி காதில் அது விழும். அடுத்த பாடியில் அந்தக் குறை இருக்காது. பாடத்திட்டம் இல்லாத படிப்பு இது.

காய்ந்த இலையின் நிறம்

எல்லைக்கோடும் இந்த லாரிகளின் தோற்றத்தில் தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. கொள்ளேகால் தாலுகா ஒரு காலத்தில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது அது மைசூர் மாநிலத்துக்குப் போனது. சத்தியிலிருந்து ஆசனூர் வழியாகக் கொள்ளேகால் போகும் லாரி அதுவரை ஒரே மாவட்டத்துக்குள் ஓடியது. மறுநாள் அதே சாலையில் அது வெளிமாநில லாரி!

வெளிமாநிலம் என்றால் பர்மிட், வரி, செக்போஸ்ட். இந்தச் சிக்கலைக் குறைக்க 1975இல் நேஷனல் பர்மிட் திட்டம் வந்தது. அத்தகைய லாரிகளை அடையாளம் காண ஒரு நிறம் தேவைப்பட்டது. காய்ந்த இலையின் பழுப்பு நிறம் பூசி, 30 சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளைக் கரை போட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் எழுதப்பட்டது. அந்தக் காலத்து லாரிகள் ஏன் அப்படி ஒரு பழுப்பு நிறத்தில் இருந்தன என்று யோசித்தவர்களுக்கு இதுதான் விடை.

அடிநிறத்தைச் சட்டம் சொல்லிவிட்டது. மீதியை பெயிண்டர் பார்த்துக்கொண்டார். குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், தாமரை, மயில், பின்பக்கம் "ஒலி எழுப்பவும்". பாகிஸ்தானில் பெட்ஃபோர்டு லாரிகளின் மேல் வரையும் ஓவியம் உலகப்புகழ் பெற்றது. 2002இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திய விழாவில் அப்படி ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கொங்கு நாட்டு லாரிக்கு அப்படி ஒரு மேடை கிடைக்கவில்லை. அதன் அழகு ஓவியத்தைவிடக் கட்டுமானத்தில் இருந்ததுகூட ஒரு காரணமாக இருக்கலாம். கட்டுமானம் புகைப்படத்தில் சட்டென்று தெரிவதில்லை.

எது அசல்?

அமெரிக்காவில் பழைய லாரிகளைப் புதுப்பிப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. 1947இல் வந்த செவர்லே, 1948இல் வந்த ஃபோர்டு எஃப்-1 போன்ற சிறு லாரிகளைத் தேடிப்பிடித்து, துருவைச் சுரண்டி, பழைய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே புது எஞ்சின் மாட்டுவார்கள். அங்கே முகம் கம்பெனியில் அச்சில் அழுத்தியது. கதவு போய்விட்டால் அதே அளவில் புதுக் கதவு கடையில் வாங்கலாம். கம்பெனி வரைபடம் இருக்கிறது. எது அசல் என்பதில் பெரிய குழப்பம் இல்லை.

நம் ஊரில் கதை தலைகீழ். 1965ஆம் ஆண்டின் ஒரு பென்ஸ் லாரியைப் புதுப்பிக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்குக் கம்பெனிக் கையேடு இருக்கும். தேய்ந்த பாகத்துக்கு மாற்று, கோவையில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். 9.00-20 அளவு டயர் தேடினால் கிடைக்கும். மூக்கில் நட்சத்திரமா, 'டி'யா என்றால், வருடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். 1969க்கு முன் என்பதால் நட்சத்திரம்.

ஆனால் கேபின்? மரம் உளுத்துப்போயிருக்கும், தகடு துருப்பிடித்திருக்கும். அதற்கு எந்தக் கம்பெனியிடமும் வரைபடம் இல்லை. ஏனென்றால் அதைக் கம்பெனி செய்யவே இல்லை. கட்டிய மேஸ்திரி இருந்தால் அவரைக் கேட்கலாம். இல்லையென்றால் ஒரு பழைய போட்டோவைத் தேட வேண்டும். லாரி வாங்கிய அன்று மாலை போட்டு எடுத்த படம் சில வீடுகளில் இருக்கும்.

அமெரிக்காவில் 'கஸ்டம் லாரி' என்றால் கம்பெனி செய்ததை மாற்றி அமைத்த லாரி. இங்கே ஒவ்வொரு லாரியும் பிறக்கும்போதே கஸ்டம் லாரிதான். யாரும் அதற்கு அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தில் லாரிக்கு இடம் உண்டா?

கம்பெனியிலேயே கேபின் செய்யும் காலம் மெல்ல வந்தது. 1990களில் அசோக் லேலண்டின் கார்கோ, 1998இல் வோல்வோ, 2009இல் டாடா பிரைமா என்று கேபினோடு வரும் லாரிகள் அதிகமாயின. பாடிக்கும் கேபினுக்கும் ஏஐஎஸ் 093 என்ற தரவிதி வந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்றும் விதி வந்துவிட்டது.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய மரக் கேபினில் எஞ்சினின் சூடு காலடியில் இருக்கும். விபத்து நடந்தால் அந்த மரச்சட்டம் டிரைவரைக் காப்பாற்றாது. நாள் முழுக்க அதில் வெந்துகொண்டு ஓட்டியவர்கள் யாரும் அந்தக் கேபின் திரும்பி வர வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். பழமை என்ற பெயரில் டிரைவரின் உயிரோடு விளையாட முடியாது.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். நல்ல விதிதான். ஆனால் அது இரு சக்கர வாகனங்களுக்கும், சொந்த உபயோகத்துக்கான நான்கு சக்கர வாகனங்களுக்கும்தான். பணக்காரர் வீட்டுக் கொட்டகையில் தூங்கிய கார் பாரம்பரியம் ஆகிவிட்டது. ஊருக்கே சோறு சுமந்த சரக்கு லாரி அந்தக் கணக்கில் வரவில்லை.

இன்னொரு பக்கம், 15 வயது தாண்டிய கனரக வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்தது. கட்டணம் கட்டி ஓட்டுவதைவிட உடைத்துவிடுவது லாபம் என்று கணக்குப் போடுபவரைக் குற்றம் சொல்ல முடியாது. உடைக்கும்போது இரும்பு எடைக்குப் போகும். மரம் விறகுக்குப் போகும். அந்தக் கேபினின் வளைவு எங்கேயும் போகாது, காணாமல்தான் போகும்.

கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூசியத்தில் நூறு வருடப் பழைய கார்களைக்கூடப் பார்க்கலாம். மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். அதேபோல, நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பழைய முறையில் ஒரே ஒரு பாடியைக் கட்டி நிறுத்தினால்கூடப் போதும். அதுவும் முடியாவிட்டால், வயதான மேஸ்திரிகள் இருக்கும்போதே ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு, ஒரு கேமரா எடுத்துக்கொண்டு போகலாம். கொங்கு நாட்டில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமா? இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கும் பஞ்சமில்லை.

திம்பம் மலையில் 2022 பிப்ரவரியிலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, இரவில் சரக்கு லாரிகள் ஏறுவதில்லை. சாலையில் அடிபட்டுச் சாகும் காட்டு விலங்குகளைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. ராத்திரியில் அந்த 27 வளைவுகளும் யானைக்கும் சிறுத்தைக்கும்தான். பொழுது விடிந்ததும் பண்ணாரியில் லாரிகள் வரிசையாகக் கிளம்புகின்றன. எல்லாம் ஒரே மாதிரி முகங்கள்.

அடுத்த முறை அந்த வழியில் போகும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மரப்பலகைத் தொட்டியோடு, நெற்றியில் வளைந்த பலகையோடு ஒரு பழைய லாரி எங்காவது ஓரத்தில் நின்றால், ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதன் வரைபடம் வேறு எங்கேயும் இல்லை.